பூக்காரச் சந்தில் சிக்னல் நின்ற இடம்

ஜனவரி 2, வெள்ளி

மதுரையின் வரலாறு இன்று காலை இரண்டாகப் பிளந்தது. செண்பகம் வருவதற்கு முன், செண்பகம் வந்த பின்.

என் அக்கா மகள் செண்பகவல்லி கோவில்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே இரண்டு பெட்டி, ஒரு முக்காலி, அனுமார் வால் நீளத்துக்கு வயர். ஆட்டோக்காரர் கல்யாண வீட்டு லைட் செட் என்று நினைத்து, "எந்த மண்டபம்மா?" என்று கேட்டாராம். அவள் ரேடியோ அலைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். உலகத்தில் எத்தனையோ மாநகரங்கள் வரிசையில் நிற்க, அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் பூக்காரச் சந்து. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துதான் ஆக வேண்டும், அவ்வளவு அகலம். சந்திலேயே உயரமான மொட்டைமாடி எங்களுடையது. இமயமலைக்கு அடுத்து அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரயில்வே பார்சல் ஆபீசில் இந்திய தேசத்தின் பாரம் முழுவதையும் தூக்கி (தூக்கச் சொல்லி) ஓய்வு பெற்ற கூடலிங்கமாகிய நான், இந்த மகத்தான பணிக்கு என் மாடியையும் என்னையும் அர்ப்பணித்துவிட்டேன்.

மாடி அறையைக் கழுவி, புதுத் தலையணை வாங்கி வைத்தேன். என் மனைவி மங்கை மூன்று பேருக்கு உலை வைத்தாள். "மூணு பேருக்குச் சோறு பொங்கி எவ்வளவு நாளாச்சு, இல்ல?" என்றேன். "போயி தேங்காயத் துருவுங்க" என்றாள்.

ஒரு விஷயம். இந்த டைரி ஃப்ரிட்ஜ் மேல் எல்லோரும் பார்க்கும்படிதான் இருக்கும். ஒளிவு மறைவு கிடையாது. மங்கையற்கரசி அடுத்தவர் டைரியைத் தொடுகிற ஆளே இல்லை. போன வருட டைரியில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் தூள் விரல் ரேகை எப்படி வந்தது என்பது விஞ்ஞானத்துக்கே சவால்.

ஜனவரி 3, சனி

செண்பகம் லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே எங்கள் சந்து! வீட்டுக்கு ஒரு தீப்பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறாள். கோவில்பட்டிக்காரிக்குச் சொல்லியா தர வேண்டும். ஒரு பட்டனைத் தட்டியதும் எங்கள் மொட்டைமாடியிலிருந்து மஞ்சள் கோடுகள் மத்தாப்பு மாதிரி சீறின.

"ஒவ்வொரு கோடும் ஒரு அலை போற பாதை மாமா. டிரான்ஸ்மிட்டர்ல கிளம்பி, சுவர்ல முட்டி, திரும்பி, மூலையில மடங்கி, கடைசில போனுக்கு வந்து சேருது. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கூட்டுனா, எந்த இடத்துல சிக்னல் எவ்வளவு கெடைக்கும்னு ஆள் போகாமலே சொல்லிரலாம். ரே டிரேசிங்னு பேரு."

"மொத்தம் எத்தனை கோடுத்தா?"

"பத்து லட்சம் போட்டிருக்கேன்."

"ஆத்தாடி! அழகர் ஆத்துல எறங்குறப்பக்கூட அம்புட்டுப் பேரு முட்ட மாட்டாய்ங்களே!"

வழுவழுப்பான கிரானைட் சுவரில் பட்டால் அலை கேரம் காய் மாதிரி ஒரே பக்கமாகத் திரும்புமாம். பூசாத செங்கல் சுவரில் பட்டால் நாலா பக்கமும் சிதறுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் ஒரு சமாசாரத்தை மங்கையிடம் சொன்னால் அது முதல் ரகம், நேராக என் தலைக்கே திரும்பி வரும். எதிர்வீட்டு ராக்காயி அக்காவிடம் சொன்னால் இரண்டாம் ரகம், பொழுது சாய்வதற்குள் அலங்காநல்லூர் வரை போய்விடும்.

"ஆள் போகாமலே சொல்லிருமுன்னா, நான் எதுக்குத்தா?"

"சொன்னது சரிதானான்னு ஆள் போய்ப் பார்க்கணும்லா?"

அந்த ஆள் நான். அவளுக்கு உதவிக்கு வரவேண்டிய தோழி வேலை கிடைத்து ஹைதராபாத் போய்விட்டாள். டிரான்ஸ்மிட்டரோ காலேஜ் சொத்து, மாடியில் தனியாக விட முடியாது, செண்பகம் காவல் இருக்க வேண்டும். மங்கைக்கு முழங்கால் வலி. ஆக, நான் முதுகில் அலையை அளக்கும் ரிசீவர் பெட்டியைச் சுமந்துகொண்டு சந்தின் தலையிலிருந்து வால் வரை நடக்க வேண்டும். நெருக்கமான சந்து என்பதால் போன் காட்டும் இடத்தை நம்ப முடியாதாம், எதிர்வீட்டுச் சமையலறையில் நிற்பதாகக் காட்டும். அதனால் சந்து முனையில் ஒரு பட்டன், வளைவில் ஒரு பட்டன், கடைசியில் ஒரு பட்டன். நடுவிலுள்ள தூரத்தை நேரத்தை வைத்துக் கம்ப்யூட்டர் சமமாகப் பிரித்துக்கொள்ளும்.

"அதனால ஒரே சீரா நடக்கணும் மாமா. ஓடக் கூடாது. நிக்கவே கூடாது."

"தாயி, ஒங்க மாமா நடையப் பாத்து ரயிலுக்கே டைம் டேபிள் போட்டிருக்காய்ங்க."

வளைவுக்கு அந்தப் பக்கம்தான் அவளுக்கு முக்கியம். அங்கே மாடி கண்ணுக்குத் தெரியாது. நேர் அலை போகாது, முட்டி மோதிய அலை மட்டும்தான். நிழல் பகுதி என்கிறாள். "மெயின் ரோட்டுக்கு யாரு வேணாலும் கணக்குப் போடலாம் மாமா. எங்க தெருவுல அம்மா போன் பேசணும்னா தண்ணித் தொட்டி மேல ஏறணும். ஏறி ஏறி முழங்கால் போச்சு. நிழலைக் கணக்கு போட்டாத்தான் எங்க டவர் வைக்கணும்னு சொல்ல முடியும்."

வளைவுக்கு அந்தப் பக்கம் மாடியிலிருந்து தெரியாது. எங்கள் வாசலிலிருந்தும் தெரியாது. இதை ஒரு பூகோளத் தகவலாக மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 5, திங்கள்

முதல் நடை. முதுகில் பை, பைக்கு மேலே ஆண்டெனா. பூக்கட்டும் பஞ்சவர்ணம், "என்னண்ணே, ராக்கெட்டுல கெளம்பிட்டீகளா?" என்றாள். "நெலாவுல பார்சல் ஆபீசு தொறக்குறாய்ங்க" என்று நடந்துகொண்டே சொன்னேன். நிற்கவில்லை.

வளைவுக்கு அப்பால் சோணைமுத்து பருத்திப்பால் வண்டி போடுகிறார். பருத்திக்கொட்டையை அரைத்துப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவி, ஆவி பறக்க இரண்டு டம்ளர்களுக்கு இடையே ஆற்றித் தருவாராம். எல்லாம் கேள்விப்பட்டதுதான். நவம்பரில் டாக்டர் இனிப்பு கூடாது என்று சொன்னதிலிருந்து எனக்கு வெல்லம் என்ற சொல்லுக்கே அர்த்தம் மறந்துவிட்டது.

போனேன். வந்தேன். மீசையில் ஏதோ ஒட்டியிருப்பதாக மங்கை சொன்னாள். தூசி. ஏலக்காய் வாசனையுள்ள தூசி மதுரையில் உண்டு.

ஜனவரி 7, புதன்

நடந்தேன். நிற்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

படம் வந்திருக்கிறது. சிவப்புக் கோடு கம்ப்யூட்டர் சொன்னது. நீலக் கோடு நான் நடந்து அளந்தது. வளைவு வரைக்கும் இரண்டும் கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி ஒட்டி நிற்கின்றன. வளைவைத் தாண்டியதும் நீலம் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுகிறது.

அங்கே புதிதாகக் கண்ணாடி முகப்பு வைத்த நகைக்கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கண்ணாடி அலையைப் பிடித்துச் சந்துக்குள் எறியுமாம், சிக்னல் அங்கே எகிற வேண்டுமாம். சிவப்பு அங்கே எகிறுகிறது. நீலம் எங்கோ தள்ளிப் போய் எகிறுகிறது. அதுவும் திங்கள் ஓர் இடம், புதன் வேறோர் இடம், இன்று மூன்றாவது இடம்.

"ஒரே மாதிரி தப்பு வந்தா திருத்திரலாம் மாமா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தப்பு வருது. நீங்க எங்கயும் நிக்கலியே?"

"நானா? நானா நின்னேன்? தேரு நின்னாலும் நிக்கும்..."

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்."

அவள் கேட்ட மறு நொடியே நம்பிவிட்டாள். நம்பாமல் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

மங்கை ராத்திரிக்கு அவளுக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் பச்சடி வைத்தாள். ஆராய்ச்சி முடிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது என்றேன். மங்கை நாளைக்கு இன்னும் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கச் சொன்னாள்.

ஜனவரி 12, திங்கள்

சுவர்களின் சொரசொரப்பைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று செண்பகத்துக்குச் சந்தேகம். அதனால் இன்று நானும் அவளும் சந்து முழுவதும் சுவர்களைத் தடவினோம். நான் தடவி, "இது நாலு நாள் தாடி", "இது மாமியார் குணம்", "இது ஆட்டுக்கல்லு" என்று அறிவிக்க, அவள் எழுதிக்கொண்டாள்.

ராக்காயி அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். "ஏப்பா கூடலு, எஞ் சொவத்துல என்ன தடவுற?"

"அலை சிதறுதான்னு பாக்குறோம்க்கா."

"போன வருசந்தானப்பா வெள்ளையடிச்சேன், சிதறுமா?"

சாயந்திரத்துக்குள் சந்து முழுக்க ஒரே பேச்சு. மாநகராட்சி எல்லாச் சுவரையும் இடிக்கப் போகிறதாம், கூடலிங்கம் அடையாளம் போட்டுவிட்டுப் போயிருக்கிறானாம். மூன்று வீட்டுக்காரர்கள் எனக்குக் காபி கொடுத்துத் தங்கள் சுவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார்கள். சர்க்கரை இல்லாத காபி. மங்கையின் ஆட்சி அத்தனை வீடு வரை நீண்டிருக்கிறது.

புதிய சொரசொரப்பைப் போட்டுப் பார்த்தாள். நீலம் அசையவில்லை. செண்பகம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மாடியில் பொங்கல் வைத்தோம். டிரான்ஸ்மிட்டர் முக்காலிக்கும் மஞ்சள் கொத்து கட்டினாள் மங்கை. பால் பொங்கியபோது மூன்று பேரும் போட்ட சத்தத்தில் நாலு மாடிப் புறா பறந்தது. எனக்கு வெண்பொங்கல் மட்டும். சர்க்கரைப் பொங்கல் பானைக்கும் எனக்கும் நடுவே மங்கை எல்லைப் பாதுகாப்புப் படை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சந்து வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் இல்லை, வண்டிகள் இல்லை. சோணைமுத்துகூட ஊருக்குப் போயிருந்தார். அளக்க நல்ல நாள் என்று செண்பகம் சொன்னாள். நடந்தேன்.

பொருந்திவிட்டது! நீலமும் சிவப்பும் வால் வரைக்கும் ஒட்டிக்கொண்டு போயின. நகைக்கடைக் கண்ணாடியில் இரண்டும் ஒன்றாக எகிறின. செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு மாடியில் குதித்தாள். என் இடுப்பு கழன்று வைகை வரை போய்த் திரும்பியது. மங்கையும் கைதட்டினாள். தட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இன்று மட்டும் ஏன் பொருந்தியது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 19, திங்கள்

மறுபடியும் பொருந்தவில்லை.

செண்பகம் புதுக் கொள்கை ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். பொங்கலன்று ஆளில்லை, பொருந்தியது. ஆகவே மனிதர்கள்தான் அலையைக் கெடுக்கிறார்கள். என்னை வளைவில் உட்கார வைத்து, வருகிற போகிற ஆட்களைக் குறிக்கச் சொன்னாள். குறித்தேன். ஆடுகளையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு ஆடு ஆண்டெனாவைத் தின்ன வந்தது, அது அலைக்கு நேரடி ஆபத்து என்று தனியாக எழுதினேன். கணக்கில் ஆட்களைப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் சேரவில்லை.

மாலையில் அவள் புரொபசர் போன் செய்தார். நல்ல மனுஷன்தான். ஸ்பீக்கரில் கேட்டது. "சந்து வேணாம்மா. அந்தப் பாகத்தை எடுத்துடு. மெயின் ரோடு மட்டும் வச்சு முடிச்சிடலாம். இருபத்தொன்பதாம் தேதி கமிட்டி முன்னாடி பொருந்தாத படத்தை வச்சுக்கிட்டு நிக்காதே."

"சந்துதான் சார் என் தீசிஸே."

"அப்ப பொருந்தணுமேம்மா."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் மாடிக் கட்டைச் சுவரில் கையை ஊன்றி நின்றாள். அவளுக்குப் பிடித்த முறுக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கடிக்கவில்லை.

நானும் இன்று ஒழுங்காக நடந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். சோணைமுத்து என்னைப் பார்த்ததுமே டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். கழுவிய டம்ளர் ஒன்று சும்மா இருப்பது நமது பண்பாட்டுக்கு

(இங்கே பேனா மக்கர் செய்கிறது.)

ஜனவரி 21, புதன்

காலையில் ரத்தப் பரிசோதனை, சாயந்திரம் நடை. சர்க்கரை ஏறியிருக்கிறது. லேப்காரர் ஊசியை வெல்லப் பானையில் தொட்டிருப்பார் என்று வாதாடினேன். மங்கை ரிப்போர்ட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சண்டை போடவில்லை. சண்டை போடாத மங்கையைப் பார்த்து முப்பத்தைந்து வருடத்தில் நான் இவ்வளவு பயந்ததில்லை.

ஜனவரி 23, வெள்ளி

செண்பகம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தப்பான காரணத்தை.

நீலக் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாருங்க மாமா. நடக்கும்போது சிக்னல் நடுங்கிட்டே இருக்கும். ஒரு எட்டு எடுத்து வைக்கதுக்குள்ள பல தடவை ஏறி எறங்கும், பல பாதையில வர்ற அலைங்க சேர்ந்தும் வெட்டியும் போகுதுல்லா. இங்க பாருங்க, ஒரு இடம் மட்டும் நேர்கோடா கெடக்கு. நடுக்கமே இல்ல. நடுவுல சின்னதா ஒரு சிலிர்ப்பு, திரும்ப நேர்கோடு. தெனமும் இது இருக்கு. பொங்கலன்னிக்கு மட்டும் இல்ல."

நான் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். "அப்படின்னா?"

"ரிசீவர் ஒறைஞ்சு போகுது மாமா. பழுது. சென்னைக்கு அனுப்பணும். வர ஒரு மாசம் ஆகும்." லேப்டாப்பை மூடினாள். "இருபத்தொன்பதாம் தேதி போயி, சந்தை எடுத்துருதேன்னு சொல்லிருதேன். அப்புறம் இதுல என்ன இருக்கு. ஊருக்குப் போயி அப்பா சொல்லுத பேங்க் பரீட்சையை எழுதுதேன்."

நேர்கோட்டை அவள் கண்ணால் பார்த்தாள். நடக்கிறவன் நின்றால்தான் கோடு நேராகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆராய்ச்சிக்காரிக்கு அது அரிச்சுவடி. ஆனாலும் பழியைப் பெட்டி மேல் போட்டாள். மாமா நிற்கவில்லை என்று சொல்லியிருக்கிறாரே.

ஜனவரி 24, சனி

மத்தியானம் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்.

ஒரு சக்கரவர்த்தி முடி துறப்பது போலச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "செண்பகம், பெட்டி நல்லாத்தான் இருக்கு. நாந்தான் நின்னேன். சோணைமுத்து வண்டிகிட்ட. பருத்திப்பால்."

ரசக் கரண்டி அப்படியே நின்றது. செண்பகம் சோற்றைப் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தாள்.

"தெனமுமா?"

"பொங்கலன்னிக்கு இல்ல."

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். படியில் சத்தமே இல்லை. கதவை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் மிகைப்படுத்த ஒன்றுமே இல்லாத நேரம் அது.

கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்போடு இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"நேர்கோடு வர்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை ஒட்டுனேன்" என்றாள். திரையைத் திருப்பினாள். ஒன்பது நடை, ஒன்பது படம். எல்லாவற்றிலும் நீலமும் சிவப்பும் ஒட்டி நின்றன. நகைக்கடைக் கண்ணாடியில் ஒன்றாக எகிறின.

"என் கணக்கு மொத நாளே சரியா இருந்திருக்கு மாமா. மூணு வாரமா நான் அதைத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

"என்னையத் திட்டுத்தா."

"திட்டத்தான் வந்தேன்" என்றாள். அதற்குள் உதடு கோணிவிட்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை போலும். இரண்டும் வந்தது.

மங்கை புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். "அந்தச் சிலிர்ப்புன்னு சொன்னியே, அது என்னத்தா?"

செண்பகம் யோசித்தாள். அவள் கண் மெல்ல விரிந்தது. "அவரு எவர்சில்வர் டம்ளர்லதான ஆத்துவாரு? ஆண்டெனாவுக்குப் பக்கத்துல உலோகம் மேலயும் கீழயும் போகும்லா. அதான் அத்தை! ஆத்துறதுதான் சிலிர்ப்பு!"

"அப்ப ஒரு டம்ளருக்கு ஒரு சிலிர்ப்பு."

"ஆமா."

"திங்கக்கெழம எத்தன?"

"ஏய் மங்கை..."

"நீங்க பேசாதீக. சொல்லுத்தா, திங்கக்கெழம?"

"ஒண்ணு."

"வெள்ளிக்கெழம?"

"ஒண்ணு."

"லேப்புக்குப் போயிட்டு வந்தாரே அன்னிக்கு?"

செண்பகம் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு அத்தை."

உலகத்தில் எத்தனையோ புருஷர்கள் மாட்டியிருக்கிறார்கள். சட்டைக் கறையால், சீட்டுத் துண்டால், குடித்த வாயால். ரேடியோ அலையால் மாட்டிய முதல் புருஷன் பூக்காரச் சந்தைச் சேர்ந்தவன்.

பிறகு செண்பகம்தான் கேட்டாள். "அத்தை, ஒங்களுக்கு ஆச்சரியமாவே இல்லியே. முன்னாடியே தெரியுமா?"

"மீசையில ஏலக்கா வாசம் வந்த அன்னிக்கே தெரியும். பொங்கலன்னிக்குப் பொருந்தவும் மிச்சமும் வெளங்கிருச்சு."

"அப்ப ஏன் என்ட்ட சொல்லல?"

மங்கை ரசச் சட்டியை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "பொருந்திட்டா நீ கெளம்பிருவேல்லத்தா" என்றாள்.

நானும் மங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செண்பகம் இரண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் தட்டை முன்னால் இழுத்து, "சோறு போடுங்க அத்தை, பசிக்கு" என்றாள். மூன்று தடவை போட்டுக்கொண்டாள்.

ஜனவரி 26, திங்கள்

வெட்டி ஒட்டிய படத்தைக் கமிட்டி ஏற்காதாம். சுத்தமான நடை ஒன்று வேண்டும் என்றாள். முழங்காலையும் பொருட்படுத்தாமல் மங்கை சந்துக்குள் வந்து, சோணைமுத்து வண்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் வளைவைத் தாண்டி வந்தேன். சோணைமுத்து டம்ளரைத் தூக்கினார். மங்கையைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு, இதுவரை என்னைக் கண்டதே இல்லை என்பதுபோல் வானத்தைப் பார்த்தார். பாலின் ஆவி என் மூக்கைப் பிடித்து இழுத்தது. பாற்கடலையே கடந்தவன் போல் கடந்தேன். வாலில் பட்டனை அமுக்கியபோது பஞ்சவர்ணமும் ராக்காயி அக்காவும் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

பொருந்தியது.

ஜனவரி 29, வியாழன்

காலையிலிருந்து நானும் மங்கையும் போனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். சாப்பிடவில்லை. சாயந்திரம் மணி அடித்தது.

"பாஸ் மாமா! சந்து அப்படியே இருக்கலாம்னுட்டாங்க!" பின்னால் புரொபசர் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "அந்த நேர்கோட்டுப் படத்தையும் காட்டுனேன். ஆள் நின்னா எப்படித் தெரியும்னு வெளக்க. ஒரு மேடம் கேட்டாங்க, நடுவுல அந்தச் சிலிர்ப்பு என்னதுன்னு."

"ஐயையோ. என்ன சொன்ன?"

"எங்க மாமான்னு சொன்னேன்."

மங்கை போனைப் பிடுங்கி, "எத்தனை டம்ளருன்னும் சொன்னியாத்தா?" என்றாள்.

ஜனவரி 31, சனி

செண்பகம் வந்து பெட்டிகளைக் கட்டினாள். முக்காலியில் காய்ந்த மஞ்சள் கொத்து அப்படியே இருந்தது, அவிழ்க்க வேண்டாம் என்றாள். பஸ் கிளம்பும் போது ஜன்னல் வழியாக, "சித்திரைத் திருவிழாவுக்கு வருவேன் மாமா, கூட்டத்துல அளக்கணும்" என்றாள். அழகர் இறங்குகிற கூட்டத்தில் ரிசீவரோடு நான் நடந்தால் நீலக் கோடு ஆகாயத்துக்கே போய்விடும் என்றேன். பஸ் போய்விட்டது.

மாடி அறையில் தலையணையை வெயிலில் போட்டேன். மங்கை உலைக்கு மூன்று பேர் அரிசியை அளந்து, ஒரு பிடியைத் திரும்ப டின்னில் போட்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்றைய பக்கத்தில் மஞ்சள் ரேகை. ஈரமான மஞ்சள்.

சாயந்திரம் மங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நடக்கப் போகலியா?"

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சேம்மா."

"வாங்க."

சந்தில் அவளுடைய முழங்காலின் வேகத்தில் நடந்தோம். கிரானைட் சுவர், செங்கல் சுவர், ராக்காயி அக்காவின் வெள்ளைச் சுவர். வளைவைத் தாண்டினோம். நிழல் பகுதி. சோணைமுத்து எங்களைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ஒண்ணு குடுங்கண்ணே" என்றாள் மங்கை. "வெறும் டம்ளர் ஒண்ணும் குடுங்க."

ஆவி பறந்தது. முக்கால்வாசியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். இரண்டு மடக்கு இருக்கும். திருப்பாற்கடல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இல்லை, இரண்டு மடக்குதான்.

பக்கத்துப் பக்கத்தில் நின்று குடித்தோம். என் முதுகில் அந்தப் பெட்டி இருந்திருந்தால் கோடு நேராக விழுந்திருக்கும். அவள் ஊற்றிய இடத்தில் மட்டும் ஒரு சிலிர்ப்பு.